ஆபீஸ் செலவு, என் கார்டு, என் பாயிண்ட்

வேலை விஷயமாக அடிக்கடி வெளியூர் போகிற பொறுப்பு வந்தபோது, பயணச் செலவுக்கு எங்கள் கம்பெனியில் இரண்டு வழி இருந்தது. முன்பணம் வாங்கிக்கொண்டு போய், திரும்பி வந்து கணக்குக் காட்டலாம். அல்லது கைக்காசைப் போட்டுச் செலவழித்துவிட்டு, பில்லைக் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொள்ளலாம். கூட இருந்தவர்களில் பலர் முன்பணம் கேட்டு எழுதிக் கொடுத்தார்கள். நான் இரண்டாவதை எடுத்துக்கொண்டேன். காரணம், கிரெடிட் கார்டு. விமான டிக்கெட், ஓட்டல் அறை, டாக்சி, சாப்பாடு எல்லாவற்றையும் சொந்தக் கார்டில் போட்டால், செலவுக்கு ஏற்ப வங்கி பரிசாகத் தருகிற பாயிண்ட் என் கணக்கில் ஏறும், செலவழித்த காசு கம்பெனியிலிருந்து திரும்பி வந்துவிடும்.

அப்படிச் சேர்ந்த பாயிண்டில் வீட்டோடு விமானத்தில் போய் வந்திருக்கிறோம். ஆக, இது நடக்கிற காரியம்தான். ஆனால் இதைச் சும்மா வருகிற காசு என்று சொல்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும். கார்டைத் தேய்த்த நாளிலிருந்து கம்பெனி பணம் போடும் நாள் வரைக்கும், நான் என் முதலாளிக்குக் கடன் கொடுத்திருக்கிறேன். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது. அந்தக் கடனுக்கான கூலிதான் பாயிண்ட். கடன் கொடுக்கிறவன் கேட்கிற கேள்விகளை, அதாவது எப்போது திரும்பி வரும், வராவிட்டால் யார் கட்டுவது, கூலி போதுமா என்பதையெல்லாம், கேட்டுக்கொண்டால் எந்தச் செலவைக் கார்டில் போடலாம், எதைத் தள்ளிவிடலாம் என்பது தெளிவாகிவிடும்.

முதலில் தேதிக் கணக்கு. இதில் மட்டும் பிசகக் கூடாது. அதுவரை செய்த செலவையெல்லாம் சேர்த்து வங்கி பில் போடுகிற ஸ்டேட்மென்ட் தேதி என்று கார்டுக்கு ஒன்று, பணம் கட்டக் கடைசி தேதி என்று ஒன்று. ஸ்டேட்மென்ட் 5ஆம் தேதி, கடைசி தேதி 25 என்று வைத்துக்கொள்ளுங்கள். 6ஆம் தேதி செய்த செலவு அடுத்த மாதம் 5ஆம் தேதி ஸ்டேட்மென்டில்தான் வரும். அதற்கு அந்த மாதம் 25 வரைக்கும் நேரம் உண்டு. ஏறக்குறைய 50 நாள். அதே செலவை 4ஆம் தேதி செய்திருந்தால் மறுநாளே ஸ்டேட்மென்டில் ஏறிவிடும், கையில் இருப்பது 21 நாள்தான். இரண்டு நாள் வித்தியாசத்தில் ஒரு மாத அவகாசம் போய்விடுகிறது.

அந்தப் பக்கம் கம்பெனிக்கும் ஒரு நாட்காட்டி இருக்கிறது. க்ளெய்ம் போட வேண்டும், மேனேஜர் பார்த்து ஒப்புதல் தர வேண்டும், அப்புறம் ஃபைனான்ஸில் சரிபார்க்க வேண்டும். எங்களுக்கு 20ஆம் தேதிக்குள் ஒப்புதலாகி வந்தவை மட்டும் அந்த மாதச் சம்பளத்தோடு வரும். 21ஆம் தேதி ஒப்புதலானால் அடுத்த மாதம். மேனேஜர் லீவில் போய்விட்டால் சொல்லவே வேண்டாம்.

இந்த இரண்டு நாட்காட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, ஆபத்து ஓட்டல் செலவிலோ சாப்பாட்டிலோ இல்லை, டிக்கெட்டில் இருக்கிறது என்று தெரிந்தது. டிக்கெட்டை முன்கூட்டியே எடுக்க வேண்டும்; ஆனால் பயணம் முடிந்த பிறகுதான் க்ளெய்ம் போட முடியும் என்பது பல கம்பெனிகளில் விதி. 3ஆம் தேதி டிக்கெட் எடுத்து, 18ஆம் தேதி கிளம்பி, 22ஆம் தேதி திரும்பினால் என்ன ஆகும்? 5ஆம் தேதி ஸ்டேட்மென்ட், 25ஆம் தேதி கட்டியாக வேண்டும். க்ளெய்ம் 20ஐத் தாண்டிவிட்டதால் கம்பெனிப் பணம் அடுத்த மாதக் கடைசியில். ஒரு மாதத்துக்கு மேல் டிக்கெட் காசு முழுக்க என் சேமிப்பிலிருந்து போயிருக்கும்.

இதற்கு நான் செய்த ஏற்பாடு இரண்டு. ஒன்று, வங்கியைக் கூப்பிட்டு ஸ்டேட்மென்ட் தேதியை மாற்றச் சொன்னேன். பல வங்கிகள் இதைச் செய்து கொடுக்கும், பலர் கேட்பதில்லை. கம்பெனி பணம் போட்ட சில நாளில் என் கடைசி தேதி வருகிற மாதிரி அமைத்துக்கொண்டேன். இரண்டாவது, டிக்கெட்டை மட்டும் பயணத்துக்கு முன்பே தனி க்ளெய்மாகப் போட அனுமதி கேட்டேன். ஃபைனான்ஸில் கொஞ்சம் இழுத்தார்கள், பிறகு விமான டிக்கெட்டுக்கு மட்டும் சரி என்றார்கள். இந்த அனுமதி கிடைக்காத இடத்தில் வேலை பார்த்திருந்தால், டிக்கெட்டைக் கம்பெனியே எடுத்துத் தரட்டும் என்று விட்டிருப்பேன். அந்த டிக்கெட்டிலும் என் விமான உறுப்பினர் எண்ணைக் கொடுத்தால், பறந்ததற்காக விமான நிறுவனம் தருகிற பரிசுப் புள்ளியான மைல் எனக்குத்தான் வரும். கார்டு பாயிண்ட் மட்டும்தான் போகும். பலர் இந்த இரண்டையும் ஒன்றென்று நினைத்துக் குழப்பிக்கொள்கிறார்கள்.

சரி, பணம் தாமதமானால் என்ன, மினிமம், அதாவது பில்லில் கட்டாயம் கட்ட வேண்டிய சிறு பங்கை மட்டும், கட்டிவிட்டு கம்பெனிப் பணம் வந்ததும் மிச்சத்தைக் கட்டலாமே என்று கேட்பவர்கள் உண்டு. சுண்டைக்காய் கால் பணம், சுமை கூலி முக்கால் பணம் என்பது இதற்காகவே சொன்னது. சாதாரணக் கார்டில் செலவுக்கு நூற்றுக்கு ஒன்று என்கிற அளவில் பாயிண்ட் மதிப்பு கிடைத்தாலே நல்லது. கார்டு வட்டி பல நாடுகளில் வருடத்துக்கு 20 சதவீதத்துக்கு மேல், சில இடங்களில் 40ஐயும் தாண்டும். வருடத்துக்கு 36 என்றால் மாதத்துக்கு 3. ஒரே மாதம் பாக்கி வைத்தால் மூன்று மடங்கு பாயிண்ட் போயிற்று. அதோடு முடிவதில்லை. முழுத் தொகையையும் கட்டாமல் பாக்கி வைத்தால், பெரும்பாலான கார்டுகளில் வட்டியில்லா அவகாசமே ரத்தாகிவிடும். அடுத்து வாங்குகிற பால் பாக்கெட்டுக்குக்கூட வாங்கிய நாளிலிருந்து வட்டி ஓடும். கம்பெனி பணம் தராவிட்டாலும் அந்த மாத பில் முழுவதையும் கட்டுகிற அளவுக்குச் சேமிப்பு கையில் இருக்க வேண்டும். அது இல்லாதவர்கள் முன்பணமே வாங்கிக்கொள்ளலாம். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

ஆபீஸ் செலவுக்கென்று ஒரு கார்டைத் தனியாக ஒதுக்கிவிடுங்கள். புதிதாக வாங்க வேண்டும் என்றில்லை, இருப்பதில் ஒன்று போதும். அந்த ஸ்டேட்மென்டில் வீட்டு மளிகையோ பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமோ கலக்காமல் இருந்தால், எந்தச் செலவுக்கு க்ளெய்ம் போட்டோம், எதற்குப் பணம் வந்தது என்று வரிக்கு வரி டிக் அடித்துக்கொண்டே போகலாம். இன்னொரு வசதி, வெளிநாட்டுச் செலவுக்கு ஆதாரமாக ஸ்டேட்மென்டைக் கம்பெனிக்குக் கொடுக்கும்போது நம் வீட்டு விவகாரம் அடுத்தவர் கண்ணில் படாது. கொடுப்பதற்கு முன் கார்டு எண்ணில் கடைசி நான்கு இலக்கம் தவிர மீதியை மறைத்துவிடுங்கள்.

லிமிட், அதாவது கார்டில் அதிகபட்சம் எவ்வளவு செலவழிக்கலாம் என்கிற வரம்பு, அந்த விஷயம் ஓட்டலில் தெரியவரும். உள்ளே நுழைந்ததும் வரவேற்பில் கார்டை வாங்கி, அறை வாடகையோடு கூடுதலாக ஒரு தொகையைப் பிடித்து வைப்பார்கள். அது செலவாகக் கணக்கில் வராது, ஆனால் லிமிட்டிலிருந்து குறைந்துவிடும். வெளியேறிய பிறகும் அது விடுபடச் சில நாள் ஆகலாம். ஒரே பயணத்தில் அடுத்தடுத்து இரண்டு ஓட்டலில் தங்கினால் இரண்டு பிடிமானமும் சேர்ந்து நிற்கும். கார்டு ஏறவில்லை என்று மூன்றாவது இடத்தில் கைபிசைந்துகொண்டு நிற்க வேண்டாமென்றால், கிளம்பும் முன் லிமிட்டைப் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் இருக்கிற பாக்கியை முன்கூட்டியே கட்டி இடம் பண்ணிக்கொள்ளுங்கள். கடன் கொடுக்கும் முன் கிரெடிட் ஸ்கோர், அதாவது கடனை ஒழுங்காகக் கட்டுவோமா என்பதற்கான மதிப்பெண், பார்க்கிற நாடுகளில் இதில் இன்னொரு பலனும் உண்டு. ஸ்டேட்மென்ட் தேதியில் லிமிட்டில் எவ்வளவு பங்கு பாக்கி நிற்கிறது என்பதுதான் பெரும்பாலும் பதிவாகும். அது ஆபீஸ் செலவு, நாளைக்குத் திரும்பி வந்துவிடும் என்பது ஸ்கோர் போடுகிறவர்களுக்குத் தெரியாது. வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்கப் போகிற சமயத்தில் கார்டு நிறைய ஆபீஸ் செலவை ஏற்றி வைத்திருப்பது நல்லதல்ல.

வெளிநாடு போனால் இன்னொரு இடத்தில் கண் வேண்டும். ஓட்டலில் கணக்கு முடிக்கும்போது வரவேற்பில் இருந்தவர் மெஷினை என் பக்கம் திருப்பினார். திரையில் இரண்டு தொகை: ஒன்று அந்த நாட்டுப் பணத்தில், இன்னொன்று என் நாட்டுப் பணத்தில்.

“உங்க ஊர்ப் பணத்துலயே போட்டுடட்டுமா சார்? கணக்கு சுலபமா இருக்கும்.”

“வேண்டாம், இங்கத்திப் பணத்துலயே போடுங்க.”

உபகாரம் மாதிரித்தான் கேட்பார்கள். அந்த மாற்று விகிதத்தை வைப்பது கடைக்காரர் பக்கம். வழக்கமாக அதில் நமக்கு நஷ்டம். உள்ளூர்ப் பணத்தில் போட்டால் விசா, மாஸ்டர்கார்டு போன்ற கார்டு வலையமைப்பின் விகிதத்தில் மாறும். அதற்கு மேல் நம் வங்கி வெளிநாட்டுக் கட்டணம் போடும். பல கார்டுகளில் அது 2, 3 சதவீதம் என்று இருக்கும், சில கார்டுகளில் இல்லவே இல்லை. இந்தக் கட்டணத்தைக் கம்பெனி திருப்பித் தருமா என்பதை முன்பே கேட்டுவிடுங்கள். பில்லில் உள்ள தொகையை ஏதோ ஒரு நாள் விகிதத்தில் மாற்றி அதை மட்டும்தான் தருவோம் என்று சொல்கிற இடத்தில், ஒவ்வொரு செலவிலும் பாயிண்டின் மதிப்பைவிடக் கூடுதலாக நம் கையிலிருந்து போகும். எங்கள் ஃபைனான்ஸில் ஸ்டேட்மென்டில் விழுந்த தொகையை, கட்டணத்தோடு சேர்த்து, ஏற்றுக்கொள்கிறார்கள். அதனால்தான் வெளிநாட்டிலும் கார்டை நீட்டுகிறேன்.

பில் சமாச்சாரம் சலிப்பானது, ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். க்ளெய்ம் போட்ட புதிதில் ஃபைனான்ஸ் மேடம் என்னைக் கூப்பிட்டு ஒரு துண்டுச் சீட்டைக் காட்டினார்.

“இது நீங்க பணம் கட்டினதுக்கு ஆதாரம் சார். என்ன வாங்கினீங்கன்னு இதுல எங்க இருக்கு?”

நியாயமான கேள்வி. மெஷினிலிருந்து வருகிற கார்டு சீட்டில் மொத்தத் தொகை மட்டும்தான் இருக்கும். அவர்களுக்கு வேண்டியது என்னென்ன, எவ்வளவு, வரி எவ்வளவு என்று பிரித்துப் போட்ட பில், முடிந்தால் கம்பெனி பெயரில். கம்பெனி வரிக் கழிவு வாங்குவதற்கு அது தேவைப்படலாம். இன்னொன்று, அந்த வெப்பத் தாளில் அச்சாகிற சீட்டுகள் பர்சில் கிடந்தே வெளுத்துப் போகும். கையில் வாங்கிய இடத்திலேயே போட்டோ எடுத்துவிடுவது என் வழக்கம்.

பாயிண்ட் எதற்கு எவ்வளவு என்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஒவ்வொரு வணிகருக்கும் நான்கு இலக்கத்தில் ஒரு வகை எண் கொடுத்திருப்பார்கள். பொதுவாக உணவகத்துக்கு 5812, டாக்சிக்கு 4121, ஓட்டலுக்கு 7011, பயண ஏஜென்சிக்கு 4722. பெரிய விமான நிறுவனங்களுக்கும் ஓட்டல் குழுமங்களுக்கும் 3 என்று தொடங்கும் தனித்தனி எண்கள் உண்டு. உணவகத்தில் ஐந்து மடங்கு பாயிண்ட் என்று கார்டு விளம்பரம் செய்தால், அது சாப்பாட்டைப் பார்ப்பதில்லை, எண்ணைப் பார்க்கிறது. ஓட்டலுக்குள் இருக்கிற உணவகத்தில் சாப்பிட்டு அறைக் கணக்கில் சேர்த்தால் முழுவதும் ஓட்டல் செலவாகவே பதிவாகும். விமான டிக்கெட்டை நிறுவனத்தின் தளத்தில் எடுத்தால் ஒரு எண், ஏஜென்சி தளத்தில் எடுத்தால் பெரும்பாலும் வேறு எண். அதனால் எந்தக் கார்டு எந்த வகைக்கு அதிகம் தருகிறது என்று பார்த்து, சாப்பாட்டை அங்கேயே தனியாகக் கட்டுவது உண்டு. கம்பெனிக்கு இதில் ஒரு காசு கூடுவதில்லை. பெட்ரோல், வாடகை, வாலட்டில் பணம் ஏற்றுவது போன்றவற்றுக்குப் பல கார்டுகளில் பாயிண்டே கிடையாது. நீங்கள் நிறைய வண்டி ஓட்டுகிற விற்பனைப் பிரிவு என்றால் இந்த விதியை முதலில் படியுங்கள்.

பயணம் ரத்தானால் டிக்கெட் பணம் திரும்பும்போது பாயிண்டும் திரும்பிப் போகும். அதற்குள் செலவழித்துவிட்டிருந்தால் பாயிண்ட் கணக்கு மைனஸில் நிற்கும். இதைவிட முக்கியம், கம்பெனி ஏற்கெனவே கொடுத்த டிக்கெட் காசு கார்டுக்குத் திரும்பி வந்ததும் அதை அன்றைக்கே ஃபைனான்ஸுக்கு எழுதிச் சொல்லிவிடுவது. மறந்தேன் என்று பிறகு சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

இனி மனசாட்சிப் பக்கம். பாயிண்ட் நம்முடையது, காசு கம்பெனியுடையது என்றாகும்போது, பத்து நிமிடம் முன்னால் கிளம்புகிற மலிவான விமானத்தை விட்டுவிட்டு நம் மைல் ஏறுகிற விலை கூடிய விமானத்தில் கை போகும். அதற்கு “நேரம் ஒத்து வந்தது” என்று ஒரு காரணமும் கிடைத்துவிடும். எனக்கு நானே வைத்துக்கொண்ட விதி: பாயிண்டே இல்லாமல், கம்பெனிக் கார்டில் எடுப்பதாக இருந்தாலும் இதைத்தான் எடுப்பேனா? இல்லை என்றால் எடுப்பதில்லை. குழுவாகச் சாப்பிடும்போது எல்லார் பில்லையும் நான் கட்டுகிறேன் என்று கார்டை நீட்டுவதும் இப்படித்தான். பலருக்கு அதனால் நிம்மதி, எனக்கும் பாயிண்ட். ஆனால் பல இடங்களில் மேஜையில் இருப்பவர்களில் மூத்தவர்தான் கட்ட வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். தனக்குக் கீழே இருப்பவர் கட்டிய விருந்து பில்லை, அதில் சாப்பிட்டவரே ஒப்புதல் தருவது தணிக்கையில் இடிக்கும். மூத்தவர் இருந்தால் நான் கார்டை எடுப்பதில்லை.

இந்தப் பாயிண்ட் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி பழையது. அமெரிக்க மத்திய அரசு ஊழியர்கள் அரசு வேலையாகப் பறந்து சேர்த்த மைல்கள் 2001 கடைசி வரைக்கும் அரசாங்கச் சொத்து. அந்த டிசம்பரில் வந்த சட்டம்தான் ஊழியரே வைத்துக்கொள்ளலாம் என்றது. அந்த நாட்டு வருமான வரித் துறை 2002இல், அலுவலகப் பயணத்தில் கிடைத்த மைல்களைச் சொந்தத்துக்குப் பயன்படுத்தினால் அதற்கு வரி கேட்டு வரமாட்டோம் என்று அறிவித்தது, ஆனால் பணமாக மாற்றினால் அந்தச் சலுகை இல்லை என்றும் சேர்த்துச் சொன்னது. ஆஸ்திரேலியாவில் 1996இல் நீதிமன்றம் வரை போய், முதலாளி செலவில் சேர்ந்த பாயிண்டில் பெற்ற டிக்கெட் வருமானமாகாது என்று ஊழியருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. ஜெர்மனியில் இத்தகைய வாடிக்கையாளர் பரிசுகளுக்கு வருடத்துக்கு 1,080 யூரோ வரை வரிவிலக்கு என்று சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். ஆக, நாட்டுக்கு நாடு வேறு. உங்கள் நாட்டு விதியை வரிக் கணக்குப் பார்ப்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கம்பெனி விதியை எச்.ஆரிடம் மெயிலில் கேளுங்கள். வாய்வார்த்தையாக வாங்கிய அனுமதி, சொன்னவர் வேலை மாறிப் போனதும் காற்றோடு போய்விடும். கார்டின் நிபந்தனையையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். சொந்தக் கார்டில் வியாபாரச் செலவு கூடாது என்று சில வங்கிகள் எழுதியிருக்கும். ஒரு ஊழியரின் பயணச் செலவை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கம்பெனிக்குச் சரக்கு வாங்கி மூட்டை மூட்டையாகக் கார்டில் போட்டால்தான் கேள்வி வரும். வாடகைக் காருக்குக் கார்டு தருகிற காப்பீடும் அலுவலகப் பயன்பாட்டுக்குச் செல்லாமல் போகலாம்.

இன்னும் ஒன்று, ஓட்டல் ஒரே பில்லை இரண்டு தடவை போட்டுவிட்டால் வங்கியோடு மல்லுக்கட்ட வேண்டியது நாம்தான். கம்பெனிக் கார்டாக இருந்தால் அது அவர்கள் தலைவலி. கார்டின் ஆண்டுக் கட்டணமும் அப்படியே. ஆபீஸ் செலவு சேர்ந்து ஒரு அளவைத் தாண்டினால் கட்டணம் தள்ளுபடி என்கிற கார்டை வைத்திருக்கிறேன், அதனால் எனக்கு உறுத்தவில்லை. பயணம் குறைகிற வருடத்தில் அந்தக் கணக்கை மறுபடி போட வேண்டியிருக்கும்.

கடன் கொடுத்தவன் என்று ஆரம்பத்தில் சொன்னேனே, அது சுளீரென்று உறைப்பது கம்பெனி தள்ளாடும்போதுதான். வங்கிக்கு நான் கட்டியே தீர வேண்டும், கார்டில் இருப்பது என் பெயர். கம்பெனி திவாலானால், திரும்பி வராத க்ளெய்முக்கு நானும் மற்றக் கடன்காரர்களோடு வரிசையில் நிற்க வேண்டியதுதான். சம்பளம் தாமதமாக ஆரம்பித்தாலோ, க்ளெய்ம் வழக்கத்தைவிட இழுத்தாலோ, அந்த மாதத்திலிருந்து புதிய செலவு எதையும் என் கார்டில் போட மாட்டேன், முன்பணம் கொடுத்தால்தான் கிளம்புவேன்.

வேலையை விடும்போதும் இதே எச்சரிக்கை. ராஜினாமாக் கடிதம் கொடுப்பதற்கு முன் நிலுவையில் உள்ள க்ளெய்ம் எல்லாவற்றையும் போட்டுவிடுங்கள். கடைசி நாளுக்குப் பிறகு க்ளெய்ம் போடுகிற தளத்தில் உள்ளே நுழையவே முடியாமல் போகும், பில்களும் ஆபீஸ் மெயிலோடு போய்விடும். விமான, ஓட்டல் உறுப்பினர் கணக்குகளில் ஆபீஸ் மெயில் முகவரி இருந்தால் அதைச் சொந்த முகவரிக்கு மாற்றிவிடுங்கள். கடவுச்சொல்லை மீட்கும் கடிதம் மூடிப்போன ஆபீஸ் மெயிலுக்குப் போனால், சேர்த்த மைல் அத்தனையையும் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டுக் கெஞ்சித்தான் வாங்க வேண்டியிருக்கும்.